நாய்க்குட்டிகள் பொதிகள் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பிலோ கண்டியிலோ உள்ள வளர்ப்பாளரிடம் பணம் செலுத்திவிட்டு, நாய்க்குட்டியை அட்டைப்பெட்டியில் அடைத்து, கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வரும் பேருந்தின் பொதி வைக்கும் பகுதியில் அனுப்பச் சொல்வோர் வன்னியில் இருக்கிறார்கள். இது கொடுமை. நாய்கள் மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுவதால், காற்றோட்டமற்ற இடத்தில் குட்டி விரைவில் இறந்துவிடக்கூடும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. அதன்பின்னரும் வீட்டார் ஒருவர் நேரில் சென்று, காற்றுத் துளைகளுள்ள கூட்டில் தாயின் வாசனை படிந்த துணியை விரித்து, வெயில் ஏறுமுன் புறப்படுவதே முறை. புறப்படுவதற்குச் சற்று முன்னர் வயிறு நிறைய உணவூட்டினால் வாந்தி எடுக்கும். ஆயினும் சிறிய இனக் குட்டிகளை நெடுநேரம் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும் என்பதால், இடையிடையே சிறிதளவு உணவும் நீரும் கொடுக்கவேண்டும்.

குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆகவே, தடுப்பூசிகள் முழுமையாகாத குட்டியை வவுனியா பேருந்து நிலையம் போன்ற, பல நாய்கள் நடமாடும் இடங்களில் தரையில் இறக்கிவிடக் கூடாது. தடுப்பூசி அட்டையையும் வளர்ப்பாளரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

உயிருள்ள குட்டிகளைப் பொதியாக ஏற்க மறுக்குமாறு பேருந்து உரிமையாளர்களையும் நடத்துநர்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.