பயிற்சி தேவைப்படுவது கடன் கொடுப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைப்புத் தொழில்களில் இறங்கும் பெண்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களுக்கு நிதி கிடைக்காததற்குத் தன்னம்பிக்கைக் குறைவும் கணக்குவழக்கில் பயிற்சியின்மையுமே காரணம் என்கிறார் கட்டுரையாளர். சிறுவர் படப்புத்தகங்களுக்கும் அனிமேஷன் படங்களுக்கும் ஓவியம் செய்து தரும் சிறு நிறுவனத்தை நடத்துபவள் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை. எங்கள் கணக்குகள் ஒழுங்காகவே இருக்கின்றன. ஈடாகக் காட்டத்தான் எதுவும் இல்லை.

கடன் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நிலம், கட்டடம், இயந்திரம், கையிருப்புச் சரக்கு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். என்னிடம் உள்ளவை கதாபாத்திர வடிவங்கள், அவற்றின் பதிப்புரிமை, பதிப்பகங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். இவற்றை எழுத எந்தக் கட்டமும் கிடையாது. கணினிகளை மட்டும் இயந்திரம் என்று காட்டலாம். அவற்றின் மதிப்போ ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போன ஒரு கதாபாத்திரம் பல ஆண்டுகளுக்கு உரிமைத்தொகை (ராயல்டி) ஈட்டித் தரும். அது கணக்கிலேயே வருவதில்லை.

இதே படிவம்தானே ஆண்களுக்கும் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் குடும்பச் சொத்து பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால், அவர்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். பெண் அதே பத்திரத்துக்காக அப்பாவிடமோ கணவரிடமோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில்கூட 1988-இல் சட்டம் வரும்வரை, தொழில் கடன் கேட்கும் பெண்ணிடம் ஆண் உறவினரின் கையொப்பத்தைக் கேட்கப் பல மாநிலங்களில் இடம் இருந்தது. முதலீட்டாளர்களிடம் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. நியூயார்க்கில் நடந்த ஒரு தொழில்முனைவோர் போட்டியின் கேள்வி பதில்களை ஆய்வாளர்கள் அலசியபோது, ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் மூன்றில் இரண்டு பங்கு எப்படி வளர்வீர்கள் என்பதைப் பற்றியும், பெண்களிடம் கேட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நட்டத்தை எப்படித் தவிர்ப்பீர்கள் என்பதைப் பற்றியும் இருந்தன.

இதன் விளைவைக் கட்டுரையாளர் பார்க்கவேயில்லை. படப்புத்தகத் தொடர் ஒன்றுக்கு ஒப்பந்தமானால் முன்பணம் கொஞ்சம்தான் வரும். மீதி, வேலையை ஒப்படைத்த பிறகு. அதுவரை ஓவியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தைக் காட்டி நான் கடன் கேட்டபோது வங்கி அதிகாரி மரியாதையாகவே பேசினார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இதை மதிப்பிட எங்களிடம் வழிமுறை இல்லை அம்மா” என்றார். கடன் கிடைக்காத பெண் அடுத்து என்ன செய்வாள்? ராயல்டியே வேண்டாம், மொத்தத் தொகையைக் கையில் கொடுங்கள் என்று உரிமையையே எழுதிக்கொடுத்துவிடுவாள். தன்னிடம் இருந்த ஒரே சொத்தும் அத்துடன் போய்விடுகிறது. அடுத்த முறை கடன் கேட்கப் போகும்போது வெறுங்கையோடுதான் போக வேண்டும். திறமையான தோழிகள் பலர் இப்படித் தங்கள் கதாபாத்திரங்களை இழந்ததைக் கண்டு மனம் கொதித்திருக்கிறேன்.

மதிப்பிடவே முடியாத சொத்தா இது? பாடகர் டேவிட் போவியின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வரவிருந்த உரிமைத்தொகையை ஆதாரமாக வைத்து 1997-இல் 5.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். புகழ்பெற்றவருக்கு முடிந்தது எங்களுக்குச் சிறிய அளவில் ஏன் முடியாது? பிரான்சில் 1983 முதல் இஃப்சிக் என்ற நிறுவனம், கலை, திரைப்பட நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் கடனில் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் அளித்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் 12.1 கோடி யூரோவில் இதே போன்ற உத்தரவாதத் திட்டத்தைத் தொடங்கியபோது, இத்தொழில்களைப் புரிந்துகொள்ள வங்கிகளுக்குப் பயிற்சி தருவதையும் அதில் சேர்த்தது. கட்டுரையாளர் சொல்லும் பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம் வங்கிகள்தான்.

உத்தரவாதம் மட்டும் வந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அதில் பெண்களுக்கெனத் தனிப் பங்கு ஒதுக்காவிட்டால், ஏற்கெனவே வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்களே அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

இது குறித்து மீண்டும் எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து வங்கிகளிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதிப்புரிமையையோ ஒப்பந்தத்தையோ ஈடாக ஏற்று அவர்கள் கொடுத்த கடன்கள் எத்தனை, அவற்றில் பெண்களுக்குப் போனவை எத்தனை என்ற விவரத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி