பட்டர் என்று எழுதினால் பட்டர் இருக்க வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் தெருமுனை டீக்கடையில் அம்மாவுக்குப் பன் பட்டர் ஜாம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு கரண்டி மஞ்சள் கட்டியை வழித்துக் கல்லில் போட்டார், அது உருகி ஓடியும் வெண்ணெய் வாசனையே வரவில்லை, பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தால் மார்கரின், அதாவது வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயில் செய்யும் கட்டி. கேட்டதற்கு, "எல்லாக் கடையிலும் இதுதான் சார்" என்றார்.

மார்கரினை விஷம் என்று சொல்ல வரவில்லை. 1869ல் பிரான்சில் மாட்டுக் கொழுப்பில் செய்ததுதான் முதல் மார்கரின், தாவர எண்ணெய் அப்புறம் வந்தது. எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் ஏற்றுவார்கள், அதைப் பாதியில் நிறுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்குக் கெடுதல். 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல விதி, சரி. ஆனால் பாமாயில் சேர்த்த மார்கரினில் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக இருக்கும், அதையும் இதய நோயாளிகள் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

என் ஆதங்கமெல்லாம் பெயரைப் பற்றித்தான். வெண்ணெய் பாலிலிருந்து வருவது, இது எண்ணெயிலிருந்து வருவது. பாக்கெட் பிஸ்கட்டில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று திருப்பிப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம், பேக்கரி கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டை எங்கே திருப்பிப் பார்ப்பது? விலைப்பலகையில் 'மார்கரின்' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லி உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கடை கடையாக வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை