‘அன்பாஸிபிள்’ தப்பே இல்லை, கௌரி

அன்புள்ள கௌரி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புத்தான். திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. நேற்று வகுப்பில் நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் ‘இதற்குப் போயா?’ என்பார்கள்.

நான் எடுக்கும் மாலை ஆங்கில வகுப்பில் ஒரு பெண். ஆறு வாரமாக வாயே திறக்காதவள் நேற்று தானாக எழுந்து ஒரு வாக்கியம் சொன்னாள். நடுவில் ‘அன்பாஸிபிள்’ என்று வந்துவிட்டது. பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் ‘இம்பாஸிபிள்’ என்று திருத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். அவள் உட்கார்ந்து நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, முன்னால் இருக்கும் ‘அன்’னை மட்டும் பேனாவால் அடித்தாள். மறுபடி மறுபடி, தாள் கிழியும் வரை.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அவள் சொன்னது ஒரு காலத்தில் நல்ல ஆங்கிலம். 1611இல் வெளியான ஆங்கில பைபிளில், லூக்கா முதல் அதிகாரத்தில், ‘தேவனாலே கூடாத காரியம் ஒன்றுமில்லை’ என்கிற இடத்தில் அச்சாகியிருப்பது அன்பாஸிபிள்தான். பிந்தைய பதிப்புகளில்தான் மாற்றினார்கள். ‘இல்லை’ என்று மறுக்கச் சொல்லின் முன்னால் ஒட்டுகிறவற்றில் ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, ‘இன்’ லத்தீனிலிருந்து வந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டும் வெகுகாலம் மல்லுக்கட்டின. 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ‘அன்ஏலியனபிள்’ (பறிக்க முடியாத) என்று இருக்கிறது. அதை வரைந்த ஜெஃபர்சனின் கையெழுத்து வரைவில் ‘இன்ஏலியனபிள்’. இன்றும் அந்த வழக்கு தீரவில்லை. ‘அன்ஈக்வல்’ என்கிறோம், பெயர்ச்சொல்லானால் ‘இன்ஈக்வாலிட்டி’. ‘அன்ஜஸ்ட்’, ஆனால் ‘இன்ஜஸ்டிஸ்’. இவ்வளவு குழப்பத்தையும் கட்டம் போட்டு, மனப்பாடம் செய் என்று கைடுகள் நீட்டுகின்றன. அதில் தடுக்கி விழுந்தவளைப் பார்த்துச் சிரிப்பு!

தமிழம்மா பலகையில் ‘மரம் + கள்’ எழுதி உன்னை எழுப்பியது நினைவிருக்கிறதா? (நீ சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை.) ‘க’ வருகிறது என்று தெரிந்ததும் ‘ம்’ முன்கூட்டியே ‘ங்’ ஆகிவிடுகிறது, மரங்கள். ‘இன்’ செய்வதும் அதேதான். ‘ப’ சொல்ல உதடு மூடியாக வேண்டும். மூடுகிற உதட்டில் ‘ன்’ நிற்காது, ‘ம்’ ஆகிவிடும். அதனால் இம்பாஸிபிள். ‘லீகல்’ முன்னால் இல், ‘ரெகுலர்’ முன்னால் இர். ‘அன்’தான் எதற்கும் வளைவதில்லை: அன்லக்கி, அன்ரியல். மரங்கள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

அநீதி, அனாவசியம், அநேகம் என்று நாமே தினமும் பேசுகிறோம். ‘ஏகம்’ அல்லாதது அநேகம். அந்த வடமொழி ‘அ’வும், ஆங்கில ‘அன்’னும், லத்தீன் ‘இன்’னும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் தமிழின் சொந்த மறுப்பு வினையின் வாலில் வரும்: முடியாது, தெரியாத, படிக்காமல். நம் காது கடைசியில் காத்திருந்தே பழகியது. ஆங்கிலத்தில் தலையிலேயே சொல்லிவிடுவார்கள்; முதல் அசையைத் தவறவிட்டால் பொருள் தலைகீழ். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், இதை எந்தக் கைடும் சொல்வதில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்துவது இன்னொன்று. டப்பாவில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ‘தீப்பிடிக்காது’ என்று பாதி வகுப்பு கை தூக்கியது! கட்டத்தில் ‘இன் என்றால் இல்லை’ என்று படித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அது மறுக்கிற ‘இன்’ அல்ல, சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று பொருள். இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. பழைய சொல் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. நேற்று மூன்று முறை சொல்லவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினேன்.

சரி, உன்னிடம் கேட்க வந்தது இது. சொற்கள் எழுதி வைத்திருப்பாயே, அந்தப் பச்சை நோட்டு, அதை உடனே அனுப்பு. அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை. அந்த 1611 பக்கத்தின் படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சொல்லின் தொடக்கத்தில் ‘யு’ வருகிற இடத்தில் அந்தக் காலத்தில் ‘வி’ அச்சடிப்பார்கள், பார்த்ததும் அவளுக்குப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் காட்ட வேண்டும். பின்வரிசைக்கும் சேர்த்துத்தான்.

அவள் வந்தால் அன்றிரவே எழுதுகிறேன். வராவிட்டால் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பத்மா