காலி உறையும் ‘கருத்துப்பிழை’யும்: கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டைச் சேர்ந்த எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவி, வைரஸின் காலி உறைக்குள் மரபுப்பொருள் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதை அறிவியல் கண்காட்சியில் விளக்கினாள். அவளுடைய மதிப்பெண் தாளில் தாங்கள் சிவப்பு மையில் எழுதிய ‘கருத்துப்பிழை’ என்னும் சொல்லை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பரிசு கிடைக்காதது பற்றி எங்களுக்கு வருத்தமில்லை.

வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றித்தான் அதன் புரத உறை உருவாகும், காலி உறைக்குள் அதைத் திணிக்க முடியாது என்றீர்கள். புகையிலை மொசைக் வைரஸைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. அங்கே ஏறத்தாழ 2,130 புரத அலகுகள் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றியே அடுக்கப்படுகின்றன. அவள் விளக்கியதோ பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸை. அதில் உறை முதலில் காலியாகவே உருவாகிறது. பிறகு அதன் ஒரு முனையில் உள்ள துளை வழியே புரத மோட்டார் ஒன்று மரபுப்பொருளான டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. ‘உயிரற்ற வைரஸுக்கு மோட்டார் ஏதம்மா?’ என்று சிரித்தீர்கள். அதை இயக்கும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு பாக்டீரியாவினுடையது என்று அவள் சொல்லத் தொடங்கியதும் நேரம் முடிந்துவிட்டது என்றீர்கள்.

சுமார் 60 நானோமீட்டர் அகல உறைக்குள் 16 மைக்ரோமீட்டருக்கும் (16,000 நானோமீட்டர்) அதிக நீளமான டி.என்.ஏ. இழை அடங்குவதை அதே விகிதத்தில் காட்டுவதற்காக, 4 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பந்துக்குள் 11 மீட்டர் நைலான் கயிற்றை, வலை பின்னுவோர் வீட்டில் எளிதாகக் கிடைப்பதை, ஒற்றைத் துளை வழியே அவள் தள்ளினாள். முதலில் சுலபமாகப் போன கயிறு போகப் போக முரண்டு பிடித்தது. பிடியைத் தளர்த்தினால் வெளியே துள்ளியது. விரல் நுனியில் தோல் உரிந்தது. டி.என்.ஏ.வும் எளிதில் வளையாது, எதிர்மின்னூட்டத்தால் தன்னைத்தானே விலக்கவும் செய்யும். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை 29 என்னும் இன்னொரு வைரஸின் மோட்டார் ஏறத்தாழ 57 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) எதிர்விசை வரை தாக்குப்பிடித்து இழுப்பதை ஆய்வாளர்கள் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். உறைக்குள் சுமார் 60 வளிமண்டல அழுத்தம் சேரும் என்றும் கணக்கிட்டார்கள். இத்தனையும் அவளுடைய அட்டையில் தமிழில் எழுதியிருந்தது. தாங்கள் அதைப் படிக்கவில்லை. பந்தைக் கையில் எடுத்தும் பார்க்கவில்லை.

வடசென்னைப் பிள்ளைகள் என்றால் கொசு ஒழிப்பும் குப்பை பிரிப்பும் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. முதல் மூன்று பரிசுகளும் கொசுவுக்கே போயின. கொசுவுக்கு எங்கள் வாழ்த்துகள். பொறுத்தருள வேண்டும், கேட்க வந்தது அதுவன்று.

பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளது என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். பிழை என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தச் சொல்லை நீக்கிய தாளைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அம்மாணவியின் உயிரியல் ஆசிரியர்