மனநோய் சீட்டோடு வருபவருக்கும் சர்க்கரை பாருங்கள்

வேலூர் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு மனச்சிதைவு நோய். 11 வருடமாக ஒலான்சபைன் சாப்பிடுகிறான். அந்த மாத்திரை வந்த பிறகுதான் ராத்திரியில் தூங்கினான், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

போன வருடம் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து வெளியே போனான். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பழைய சீட்டைப் பார்த்ததும், "இவங்க இப்படித்தாம்மா தண்ணி குடிப்பாங்க, மனநல டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து மயங்கி விழுந்தான். சர்க்கரை 480. 58 கிலோ இருந்தவன் 84 ஆகியிருந்தான். நாங்களும் 'தேறிட்டான்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டோம். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஒலான்சபைன், க்ளோசபைன் போன்றவை பசியைத் தூண்டும். எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறும். லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவருக்குத் தைராய்டும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்பே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலை மட்டும் காரணமில்லை. மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் என்று தடுக்கக்கூடிய உடல்நோய்களில்தான் பலர் போகிறார்கள். அப்புறம் பீடி. பீடி சுற்றும் ஊர் எங்களுடையது, கேட்டால் கிடைக்கும். தம்பியிடம் அதை விடச் சொல்லி யாரும் பேசியதில்லை. 'பாவம், அதையாவது விட்டுவைப்போம்' என்கிறார்கள். அந்தப் பாவம் பார்ப்பதும் ஆளைக் கொல்லும்.

எந்தச் சிகிச்சையிலும் உடல்நோயாளிக்குச் சமமாக மனநோயாளியை நடத்த வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். மனநல மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே ஒரு எடை மெஷின், பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிக் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை அப்படித்தான் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில், வயது பார்க்காமல், மனநல மாத்திரை சாப்பிடுகிற எல்லோரையும் சேருங்கள்.

ஒடுகத்தூர், அணைக்கட்டு மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்களால் ரத்தப் பரிசோதனைக்கென்று இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற முடியாது. மாத்திரை வாங்க வரும் அன்றைக்கே அதையும் முடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா, குடியாத்தம்