நடுவீட்டில் வானம் இருந்தால் ரூட்டரை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு இணையம் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். ரூட்டரை வீட்டின் நடுவில் வைத்தால் எல்லா அறைக்கும் வை-ஃபை சீராகப் போகும் என்று எழுதியிருந்தது. அடுக்குமாடி வீட்டுக்கு நல்ல யோசனைதான். பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு நடுவில் இருப்பது வானம். வளவு முற்றத்தில் ரூட்டரை வைத்தால் ஐப்பசியில் அதற்குக் குடை பிடிக்க ஆள் போட வேண்டும். அதனால் கேபிள் இழுத்து, அதைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘ஸ்விட்ச்’ என்ற பெட்டி வாங்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்களுடையது பெரிய அரண்மனை எல்லாம் இல்லை, இந்தப் பக்கத்து அளவுக்கு நடுத்தரம். ஆனாலும் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். முகப்பை ஒட்டிய அறையில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. தாக்கல், வருமான வரி, சில கடைகளின் டேலி கணக்கு. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உதவிக்கு இரண்டு பெண்கள். இரண்டாங்கட்டில் என் மகள் பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முகப்பில் உள்ள ரூட்டரின் வை-ஃபை வளவு வரைக்கும் நொண்டிக்கொண்டு வரும், அந்தச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் இரண்டைத் தாண்டினால் அவ்வளவுதான். மீட்டிங் என்றால் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வளவுத் தூணோரம் வந்து உட்காருவாள். பின்னால் என் மாமியார் வடகம் காயவைப்பது பெங்களூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் பழகிப்போய்விட்டது.

சரி, கேபிளே இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சுவரைக் கொத்த முடியாது, பங்காளிகள் எல்லாருக்கும் பங்குள்ள வீடு, ஒரு ஆணி அடிக்கவே நாலு பேருக்குப் போன் போட வேண்டும். அதனால் தாழ்வார விட்டத்தை ஒட்டி பிளாஸ்டிக் பட்டி வைத்துக் கொண்டுபோனோம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நீளம் ஒரு பிரச்சினை ஆகவில்லை. ரூட்டருக்குப் பின்னால் இருக்கிற நாலு துளை போதாமல் போனபோதுதான் ஸ்விட்ச் வாங்கக் காரைக்குடிக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, “ஆச்சி, எட்டு போர்ட்டா, பதினாறா?” என்பதுதான். நானும் கத்தரிக்காய் அரைக் கிலோவா ஒரு கிலோவா என்கிற மாதிரி “எட்டு போதும்” என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, எத்தனை என்பது முக்கியம்தான். ரூட்டரிலிருந்து வரும் கேபிளுக்கே ஒரு போர்ட் போய்விடும், அஞ்சு போர்ட் ஸ்விட்ச் வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது நாலுதான், அதனால் இன்றைக்குத் தேவையானதைவிட ரெண்டு மூணு கூட வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அவர் கேட்காமல் விட்ட, எனக்கும் கேட்கத் தெரியாத கேள்வி அதைவிடப் பெரியது.

எங்கள் இணையத் திட்டம் 200 எம்.பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு 200 மெகாபிட் வேகம். புது ஸ்விட்ச் மாட்டிய பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் வேகம் பார்த்தாலும் 94, 95, அதற்கு மேல் ஏறவே இல்லை. பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ‘10/100’ என்று போட்டிருந்தது, அதாவது அதிகபட்சம் 100 எம்.பி.பி.எஸ்.தான். நான் வாங்கியிருக்க வேண்டியது ‘10/100/1000’ என்று மூன்று எண் போட்ட, 1000 எம்.பி.பி.எஸ். வரை போகும் கிகாபிட் ஸ்விட்ச். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். இணையம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு உறுத்தியது தினமும் சாயங்காலம் எடுக்கிற பேக்கப். 10 ஜி.பி. அளவுள்ள பைல்களை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்சில் கால் மணி நேரம் ஆகும், கிகாபிட்டில் ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால் ஒன்றரை நிமிஷம். வேலை செய்கிற பெண்கள் ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அந்தக் கால் மணி அவர்களுக்குப் பெரிது.

மாடல் எண்ணில் ஜி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டி.பி.-லிங்க் கம்பெனியில் எஸ்.எஃப். 1008 என்றால் நூறு, எஸ்.ஜி. 1008 என்றால் ஆயிரம். டி-லிங்க்கில் டி.இ.எஸ். நூறு, டி.ஜி.எஸ். ஆயிரம். அதையும் தாண்டிச் சந்தேகமாக இருந்தால் பெட்டியின் பக்கவாட்டில் அந்த மூன்றாவது எண்ணைத் தேடுங்கள்.

நானும் கிகாபிட் வாங்கி மாட்டினேன். மகள் அறைக்கு அப்போதும் அதே 94!

இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு ஒயர், நாலு ஜோடியாக முறுக்கி இருக்கும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு அதில் ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் இழுக்க வந்த தம்பி மகள் அறைக்குப் போன ஒரே கேபிளைப் பிரித்து நாலு ஒயரை அவள் அறைக்கும் மீதி நாலை மேல்மாடியில் இருக்கிற கேமராவுக்கும் பிளக் மாட்டி கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டால் “அக்கா, நெட்டு வருதுல்ல? உங்களுக்கு ஒரு கேபிள் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்” என்கிறார்! பாவம், அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அப்படித்தான் பழகியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஸ்விட்சில் எரிகிற விளக்கே போதும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் வாங்கியதில் கிகாபிட் இணைப்புக்குப் பச்சை, நூறுக்கு மஞ்சள். மூன்று நாளாக மகள் அறைக்குப் போகிற போர்ட் மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஸ்விட்சிலும் இதே நிறம் இருக்காது, கூட வரும் காகிதத்தில் போட்டிருப்பார்கள்.

கேபிளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழுச் செம்பு என்று சொல்லி, அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியதைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒயர் நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது லேசாக மடித்தாலே ஒடியும், தூரம் கூடினால் சிக்னலும் தேயும். அந்தக் கேபிளைப் போட்டுவிட்டு ஸ்விட்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஸ்விட்ச் செய்கிற வேலை அப்படி ஒன்றும் மாயம் இல்லை. ஸ்விட்சுக்கு முன்பு இருந்த ஹப் என்ற பெட்டி வளவில் நின்று ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்துவது போல, வீடு முழுக்கக் கேட்கும். ஸ்விட்ச் எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று அதற்கென்றே உள்ள மேக் முகவரி என்ற எண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, உரியவர் அறைக் கதவை மட்டும் தட்டும். பெட்டியில் ‘16 ஜி.பி.பி.எஸ். ஸ்விட்ச்சிங் திறன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், எட்டு போர்ட், ஒவ்வொன்றிலும் போக ஒரு கிகாபிட் வர ஒரு கிகாபிட் என்று கணக்குப் போட்டால் 16 வந்துவிடும், எந்த நல்ல எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்சிலும் அது இருக்கும்.

செட்டிங் மாற்றிக்கொள்ளக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். என் மாதிரி அலுவலகத்துக்குத் தேவையில்லை. செருகினால் வேலை செய்யும் அன்மேனேஜ்டு போதும், அதில் செட்டிங்கும் கிடையாது, மறந்துபோக பாஸ்வேர்டும் கிடையாது. ஆனால் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாகவோ ஹோம்ஸ்டேயாகவோ நடத்துகிறவர்களுக்கு நான் வேறு மாதிரிதான் சொல்வேன். வந்து தங்குகிற விருந்தாளியின் போனும் உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. வி-லேன், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க், போட்டுப் பிரிக்கிற வசதி உள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச் அவர்களுக்கு அவசியம், ரூட்டரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கேமரா வைத்திருப்பவர்கள் கேட்பது பி.ஓ.இ. ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் போய்விடும். தூண் உச்சியில் தனியாக பிளக் பாயிண்ட் வைக்க முடியாத எங்கள் வீடுகளுக்கு வரப்பிரசாதம். எட்டு போர்ட் பி.ஓ.இ. என்று சொல்வார்கள், பார்த்தால் நாலு போர்ட்டில் மட்டும் கரண்ட் வரும். சாதாரண வகை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், பிளஸ் என்கிற வகை 30 வாட். எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் என்று ஒரு எண் உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும். கேமரா ராத்திரி இருட்டில் அகச்சிவப்பு விளக்கைப் போடும்போதுதான் அதிகமாக இழுக்கும், பகலில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போகிறவரை நம்பாதீர்கள். கேமராவுக்கு மட்டும் என்றால் நூறு வேகம் தாராளம், ஒன்றுக்கு நாலைந்து எம்.பி.பி.எஸ். போதும், அங்கே கிகாபிட்டுக்குச் செலவழிப்பது வீண்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று என் நாத்தனார் மகன் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையை எடுத்து அதே ஸ்விட்சின் காலித் துளையில் செருகிவிட்டான். மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. எல்லா விளக்கும் பேய் பிடித்த மாதிரி ஒன்றாகச் சிமிட்ட ஆரம்பித்து, அலுவலகம், மகள் அறை, கேமரா எல்லாம் படுத்துவிட்டன. ஒரு செய்தி அந்த வளையத்துக்குள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகிவிடுமாம். அரை நாள் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விலை குறைந்த ஸ்விட்ச் சிலவற்றிலேயே இப்போது லூப் தடுப்பு இருக்கிறது, சின்னப் பசங்க வந்துபோகிற வீடென்றால் கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் ரூட்டரை மட்டும் அதில் போட்டுவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுவார்கள். சின்ன ஸ்விட்ச் சில வாட்தான் தின்னும், அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். மூடிய மர அலமாரிக்குள் வைக்காதீர்கள், சூடு ஏறும். காலித் துளைகளை அடைத்து வையுங்கள், எங்கள் ஊர் எறும்பு எங்கே குடிபோகும் என்று சொல்ல முடியாது.

இப்போது பக்கத்து வீட்டுப் பங்காளி ஒருவர், அவர் வீட்டுக்கும் நம் ஸ்விட்சிலிருந்து ஒரு லைன் மதில் மேல் கொண்டுபோகலாம், செம்புக் கேபிள் கையிலேயே மிச்சம் இருக்கிறது என்கிறார். கட்டடம் விட்டுக் கட்டடம் வெட்டவெளியில் செம்பு போனால் இடி இறங்கும்போது ரெண்டு வீட்டு ஸ்விட்சும் சேர்ந்து போய்விடும், கண்ணாடி ஃபைபர் என்றால் அந்தப் பயம் இல்லை, அதற்கு ஃபைபர் மாட்டும் எஸ்.எஃப்.பி. துளை வைத்த ஸ்விட்சோ, ரெண்டு பக்கமும் ஃபைபரைச் செம்புக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டரோ வேண்டும், செலவு கொஞ்சம் கூடும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
பள்ளத்தூர்.