நூதனசாலைப் பயணத்துக்கு இன்னும் 56,500 ரூபா வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

கொட்டாஞ்சேனை வாசிகசாலைப் பிள்ளைகள் 52 பேரைப் பனாகொடையில் உள்ள இலங்கை இலேசாயுத காலாட் படையணியின் நூதனசாலைக்குக் கூட்டிப்போக நாள் குறித்தாயிற்று. முகாமுக்குள் போக அனுமதியும் கிடைத்துவிட்டது. காசுதான் போதவில்லை. வருகிற 18ஆம் திகதிக்குள் பஸ்காரருக்கு மீதியைக் கட்டாவிட்டால் பயணம் நின்றுவிடும்.

"எங்கட பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்கள். நாம் பட்டதை நினைத்தால் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கிய பழைய படையணி. அதிலிருந்து வந்த அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர்தான் 1955இல் இலங்கை இராணுவத்தின் முதல் சுதேசத் தளபதி. அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர்கள் பிரித்தானியர். வாசிகசாலையில் கேட்டுப் பார்த்தோம், ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. எங்கள் மூத்தவர்களுக்கு அது பெரிய மனவருத்தம்.

திரும்பும் வழியில் விகாரமகாதேவி பூங்காவில் போர் நினைவுத்தூணையும் காட்டுவோம். முன்பு காலிமுகத்திடலில் நின்ற தூண் அது. யப்பானியர் கடலிலிருந்து குறிபார்க்க வசதியாகிவிடும் என்று பயந்து, இரண்டாம் உலகப் போரின்போது கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்ததை நேரில் கண்டவர்கள் நம் தெருவில் இரண்டு பேர்தான் மிச்சம். அதில் 91 வயது ஆச்சி ஒருவர் தானும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

செலவு இதுதான்: சிறிய பஸ் இரண்டுக்கு 84,000 ரூபா, 60 பேருக்குச் சாப்பாடு 39,000, குறிப்புப் புத்தகம் 18,000, தேநீர், தண்ணீர், மருந்துப்பெட்டி 9,000. மொத்தம் 150,000. கையில் இருப்பது 93,500.

இதுவரை தந்தவர்களை மறக்க மாட்டோம். முதல் ஆளாக வந்து, தன் ஓய்வூதியத்திலிருந்து 10,000 ரூபாவை உறையில் போட்டுத் தந்த ரீச்சர், கேட்காமலே ஆள் அனுப்பிய செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி, உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, எல்லோருக்கும் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசரும் அந்தோனியாரும் துணை நிற்கட்டும்.

கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்ன 11 பேர் இன்னும் தரவில்லை. பெயர் எழுத மனம் வரவில்லை. ஆனால் அன்று கைதட்டிய பிள்ளைகள் அதை மறக்கவில்லை.

500 ரூபா என்றாலும் சரி, கொண்டுவாருங்கள். பொருளாளர் தினமும் மாலை 5 முதல் 8 வரை வாசிகசாலையில் இருப்பார். பற்றுச்சீட்டு வாங்காமல் போகவேண்டாம்.

பயணக் குழுவினர்